வெள்ளைச் சுறாவும் ஒரு வாளி சூரைத் தலையும்

எனக்குத் தந்த வேலை ஒண்டே ஒண்டுதான். படம் எடுக்கிறது.

என்ர மனுசன்ர தங்கச்சி, எனக்கு மச்சாள், கேப் டவுனில இருக்கிறா. மொன்றியல் குளிருக்குத் தப்பி ரெண்டு கிழமை அங்க போயிருந்தம். அங்க வெள்ளைச் சுறா பாக்க வள்ளத்தில கொண்டுபோவினம். வள்ளத்தோட ஒரு இரும்புக் கூட்டைக் கட்டி, ஆக்களை அதுக்குள்ள இறக்கிவிடுவினம். சுறா வந்து பாத்திட்டுப் போகும். ஆர் ஆரைப் பாக்கிறது எண்டு கேக்காதேங்கோ.

எங்கட வீட்டுக்காரர் இறங்கப் போறாராம்! மொன்றியல் செயின்ட்-மிஷேலில எங்கட வீட்டுக்குள்ள ஒரு குளவி வந்தா, என்னைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லுற வீரர். வெளிக்கிட முதலே மாதா கோயில் சனம் எல்லாத்துக்கும் சொல்லியும் போட்டார்.

"நீரோ? கூட்டுக்குள்ளயோ?" எண்டு சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. அதால இப்ப அவருக்கு அத்தாட்சி வேணும்.

"இஞ்ச பாரப்பா, நானும் சுறாவும் ஒரே படத்தில நிக்கவேணும். பிலிமில அஞ்சு படம்தான் மிச்சம். விளங்கினதோ?"

"உதென்ன பெரிய வேலையே?" எண்டன்.

ரப்பர் உடுப்பை இழுத்து மாட்டி, செபமாலையைக் கையில சுத்திக்கொண்டு மனுசன் இறங்கினார். நான் கமராவோட மேல நிண்டன்.

அப்பத்தான் அந்த வாளியைக் கண்டன்.

சூரைத் தலை! ஒவ்வொண்டும் தேங்காயளவு. செவுள் அப்பிடியே ரத்தச் சிவப்பு. மொன்றியலில எங்களுக்குக் கிடைக்கிறது ஐஸில விறைச்சு, எப்ப செத்ததெண்டு மீனுக்கே மறந்துபோன மீன். இஞ்ச வள்ளக்காரன் ஒரு தலையைக் கயித்தில கட்டிக் கடலுக்குள்ள எறியிறான்! ஒடியல் கூழுக்குப் போடவேண்டிய தலை!

எனக்கு நெஞ்சு பதறிச்சு. சுறாவுக்குப் பயந்து இல்லை.

மச்சாளுக்குக் காட்டுவம் எண்டு வாளியை ஒரு படம் எடுத்தன். கிட்டப் போய் இன்னொண்டு. வள்ளக்காரனை ஒரு தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி இன்னொண்டு. அவன் கண்ணை மூடிப்போட்டான் எண்டு திருப்பியும் ரெண்டு.

பேந்து எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷில கேட்டன். "ரெண்டு தலை தாருங்கோ தம்பி."

"மேடம், இது சுறாவின்ர சாப்பாடு."

"எங்கட சாப்பாடும் அதுதான்!"

அவன் பதில் சொல்ல முதல் வள்ளம் முழுக்கக் கூக்குரல்! கூடு இடிபட்டு வள்ளம் ஆடிச்சு. கவிண்டுபோகும் எண்டு நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சன், வாளியை. நிமிர்ந்து பாத்தா தண்ணியில நுரை மட்டும்தான்.

மனுசன் ஏறி வந்தார். பல்லுக் கிடுகிடுக்குது, முகத்தில அப்பிடியொரு சந்தோசம்.

"ஒரு முழத்தில வந்ததப்பா! என்ர முகத்தையே பாத்தது! எடுத்தனியோ?"

"எடுத்தன்."

எடுத்தன்தானே. என்னத்தை எண்டு அவர் கேக்கேல்லை. சொல்லுவம் எண்டுதான் வாயைத் திறந்தன். அந்த முகத்தைப் பாக்கப் பாவமாக் கிடந்தது, மூடிப்போட்டன். சுறாவும் திரும்பி வரேல்லை.

பிலிம் கழுவினாத்தான் படம் தெரியிற காலம் அது. மொன்றியலுக்குத் திரும்பின பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போற வழியில கடையில கழுவின படங்களை வாங்கினார்.

"நான் ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்," எண்டு கெஞ்சினன். தரேல்லை. பூசை முடிய, மண்டபத்தில எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுத்தான் உறையைத் திறந்தார்.

மீன் தலை. அடுத்ததும் மீன் தலை. அதுக்கடுத்தது, கண்ணை மூடின வெள்ளைக்காரனும் மீன் தலையும்.

ஒரு அன்ரி கண்ணாடியைப் போட்டு வடிவாப் பாத்தா. "நல்ல சூரை. இதில நீர் எங்க நிக்கிறீர்?"

"நான் தண்ணிக்குள்ள நிண்டனான், அன்ரி! சுறா பக்கத்தில வந்தது!"

"ஓம், ஓம்," எண்டா அன்ரி. ரெண்டு ஓமிலயும் ஒரு சொட்டு நம்பிக்கை இல்லை.

மனுசன் என்னட்டத் திரும்பினார். "நீ சொல்லனப்பா! வந்ததோ, இல்லையோ?"

முழு மண்டபமும் என்னைப் பாத்தது. சுவாமியாரும் பாத்தார். எப்பிடிப் பொய் சொல்லுறது?

"சத்தம் கேட்டது," எண்டன். "நான் காணேல்லை."

மனுசன் படங்களை உறைக்குள்ள திணிச்சு, என்ர கையில தந்துபோட்டுத் தனிய முன்னால நடந்தார்.

அந்த இரும்புக் கூடு சுறாவிட்ட இருந்து மட்டும்தான் காப்பாத்தும்.