முடித்துவிட்டு வா

"அடியும் வே! விடாதேன்னு இங்கிலீசுல ஒரு தந்தி அடியும்!"

கோட்டாறு கருப்பட்டி வியாபாரி பொன்னுலிங்கம் தபாலாபீஸ் மேஜையில் குத்திய குத்தில் மைக்கூடு கவிழ்ந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. திருவனந்தபுரத்தில் சட்டம் படிக்கும் மகன் நாகமணி இங்கிலீஷில் அடித்திருந்த தந்தியை, தந்தி குமாஸ்தா தங்கப்பன்தான் சற்றுமுன் வாசித்துச் சொன்னார்: தைரியம் வரவில்லை, விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

"ஊரே திருவனந்தபுரத்து ஆட்சியை விட்டுத் தமிழ்நாட்டோட சேரணும்னு கொடி பிடிச்சு அடி வாங்குது. இவனுக்குப் பரீட்சைக்குத் தைரியம் இல்லியாம்!"

தங்கப்பன் நிதானமாக மையைத் துடைத்தார். "கண்டினியூன்னு போடுவோம். நிறுத்தாம செய்யின்னு அர்த்தம்."

"போடும்!"

மறுநாள் அடுத்த தந்தி வந்தது. பொன்னுலிங்கம் அதைக் கசக்கிப் பிடித்தபடி தபாலாபீசுக்கு ஓடினார். தங்கப்பன் நீவி விரித்து வாசித்தார்.

"அங்க எதிர்ப்பு பலமா இருக்காம்."

"எவன் எதிர்க்கான்? வாத்தியானா? அவன் காலை முறிச்சிருவேன்!"

"அது கொஞ்சம் நீளம் அண்ணாச்சி. பெர்சிஸ்ட்னு போடுவோம்."

"மூட்டைப்பூச்சி மருந்து மாதிரியில்லா இருக்கு?"

"யாரு தடுத்தாலும் பிடிச்ச பிடியை விடாதேன்னு அர்த்தம்."

"அப்பம் ரெண்டு தடவை போடும்!"

வீட்டில் மனைவி செல்லத்தாய், "பிள்ளைய ஏன் இப்பிடி விரட்டுதீரு? நேர்ல போய் என்னான்னு கேளுமே" என்றாள்.

"கருப்பட்டி வந்து குவியுத நேரத்துல திருவனந்தபுரமா? வாயை மூடுட்டி!"

மூன்றாவது தந்தியில், அம்மா என்ன சொல்வாளோ என்று மகன் பயப்படுவதாகத் தங்கப்பன் சொன்னார்.

"அவ என்ன சொல்லுகது? இஞ்ச நான் வச்சதுதான் சட்டம்!"

"அப்பம் கேரி ஆன்."

பொன்னுலிங்கத்தின் மீசை துடித்தது. "கேரின்னா தூக்குகதுலா? குளச்சல் துறையில கப்பல்காரன் மூட்டை தூக்குகவனப் பாத்துச் சொல்லுவான். என் மகன எதைத் தூக்கச் சொல்லுதீரு?"

"ஆன் சேந்தா அர்த்தம் வேற. தயங்காம நடத்துன்னு."

"என்ன எழவு பாஷை வே இது! ஒரே சொல்லா, செவுட்டுல அறைஞ்ச மாதிரி ஒண்ணு இல்லியா?"

தங்கப்பன் கூரையைப் பார்த்து யோசித்தார். "இருக்கு. ஃபினிஷ்."

"அதையே அடியும்! முடிச்சுட்டு வா. முடிக்காம என் வாசல்ல கால் வைக்கப்பிடாது!"

அதற்குப் பதில் சுருக்கமாக வந்தது. தங்கப்பன் முகமெல்லாம் சிரிப்பாக வாசித்தார்: "முடிச்சாச்சு. நாளைக்கு வாறாவ."

பொன்னுலிங்கம் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் பழம் கொடுத்தார். மறுநாள் வில்வண்டி வந்து நின்றதும் வாசலுக்குப் பாய்ந்தார்.

நாகமணி இறங்கினான். கழுத்தில் மாலை. பின்னால் ஒரு பெண் இறங்கினாள். அவள் கழுத்திலும் மாலை. மாலைக்கு நடுவே புதுத் தாலி.

"ஏலே! பரீட்சை எங்கலே?"

"பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கே அப்பா. நீங்க சொன்னபடி கல்யாணத்தை முடிச்சாச்சு."

"நான் எப்பம்லே சொன்னேன்?"

"கண்டினியூ, பெர்சிஸ்ட், கேரி ஆன், ஃபினிஷ்னு அடிமேல அடியா அடிச்சது நீங்கதானே? சண்முகவடிவைக் கெட்டலாமான்னு ஒவ்வொரு தந்தியிலயும் இவ பேரைப் போட்டுத்தானே கேட்டேன்!"

"எந்தத் தந்தியிலயும் பேரே இல்லியேலே!" பொன்னுலிங்கம் கத்திய கத்தலில் வண்டிமாடு மிரண்டது. அந்தக் கோபமெல்லாம் பெண்மேல் திரும்பியது. "நீ எவன் பெத்த பிள்ளைட்டி? அவன் பேரைச் சொல்லு. இப்பமே போய் அவன் குடலை உருவுகேன்!"

சண்முகவடிவு குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்களுக்குத் தந்தி வாசிச்சுத் தந்தாவளே மாமா, அவியதான் எங்கப்பா."