அணைத்தால் அழியும்

"அண்ணே, பிரிண்டர் நின்னுபோச்சு!" என்று டைப்பிஸ்ட் கத்தினாள்.

கம்ப்யூட்டர்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். அலுவலகத்தின் பெரிய கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. தற்காலிகக் கோப்புகள் வைக்கும் இடத்தைப் போன மாதம்தான் டிஸ்க்கிலிருந்து நினைவகத்துக்கு மாற்றியிருந்தார். வேகம் பறந்தது. ஆனால் கரண்ட் போனால் அதிலிருப்பதெல்லாம் அம்போ. மேனேஜரின் மூன்று நாள் உழைப்பு போன வாரம் அப்படித்தான் போயிற்று.

"இன்னும் ஒரு கோப்பு தொலைஞ்சாலும் நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார் மேனேஜர். ஒரே ஆறுதல், இன்று ஐந்து மணிக்கு அவர் மாற்றலாகிப் போகிறார். அதுவரை ஒன்றும் தொலையாவிட்டால் கம்ப்யூட்டர்காரர் பிழைத்தார்.

வேகத்தில் சொக்கிப்போன ஊழியர்கள் கண்டதையும் அங்கேயே கொட்டியிருந்தார்கள். இடம் நிரம்பித்தான் பிரிண்டர் நின்றது. கம்ப்யூட்டர்காரர் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். அது மொத்த நினைவகத்தையும் விழுங்கிவிட்டது.

"அண்ணே, எழுத்தைத் தட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டு வந்தாதான் திரையில தெரியுது!"

சரியென்று எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு நகர்த்தினார். டிஸ்க்கில் எள் விழ இடமில்லாமல் போயிற்று. நினைவகத்தில் ஒரே ஒரு கோப்பு மிஞ்சியது. பெயர், 'கடிதம்'.

அந்த நேரம் பார்த்தா எலக்ட்ரீஷியன் வரவேண்டும்?

"சார், மெயின் ஒயர் கருகுது. கரண்ட்டை நிறுத்தப்போறேன்."

"அஞ்சு நிமிஷம் பொறுப்பா!"

"நான் பொறுப்பேன் சார், ஒயர் பொறுக்காது."

"இந்தக் கடிதம் யாரோடது?" என்று அலறினார்.

"அது போனா போகட்டும், விடுங்கண்ணே" என்று கிசுகிசுத்த டைப்பிஸ்ட், மேனேஜர் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

மேனேஜருடையதா! "போகட்டுமா? என் சோறே அதுலதாம்மா இருக்கு!"

பிரிண்டருக்கு அனுப்பினார். அடுத்தவர் கோப்பைப் படிப்பதில்லை என்பது அவர் கொள்கை. வெளியே வந்த தாளைக் குப்புறக் கவிழ்த்தே எடுத்தார். மறுகணம் கரண்ட் போயிற்று.

மேனேஜர் ஜன்னலோரம் நின்று படித்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். "நல்லவேளை, மறந்தே போயிட்டேன்" என்று கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டிக் கொடுத்தார். "ஹெட் ஆபீசுக்கு உடனே அனுப்பிடுங்க."

தபால்காரர் தெருமுனையைத் தாண்டியிருந்தார். கம்ப்யூட்டர்காரர் செருப்பு அறுந்ததைக்கூடப் பார்க்காமல் துரத்திப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். வேலை தப்பியது! சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"எப்படிம்மா? அண்ணன் காப்பாத்திட்டேன் பாத்தியா?"

டைப்பிஸ்ட் அவரையும் அறுந்த செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களை வேலையைவிட்டுத் தூக்குற கடிதம்ணே அது, கரண்ட் போனா அழிஞ்சிடும்னுதானே நான் அதைப் போய் அங்க வச்சேன்!"