இன்னா கொழம்பு அண்ணனும் சேவூர்க் கஞ்சியும்

முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று, "இன்னைக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டுவிட்டு உதை வாங்காமல் திரும்பக்கூடிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் ஆரணியில்தான் இருக்கிறார். உதை வாங்காதது மட்டுமல்ல, பெரும்பாலும் ஏப்பம் விட்டுக்கொண்டேதான் திரும்புவார். மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் அவர் தொழில். நிஜப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பார். ஊருக்கு அவர் 'இன்னா கொழம்பு'.

வங்கி வேலையில் மாற்றலாகி நான் ஆரணிக்குப் போன புதிது. எங்கள் வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், என் செல்போனை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் லிஸ்ட்டு அது?"

"அக்கம்பக்கத்துல பார்க்க வேண்டிய இடங்கள்."

"இதுல ஒரு வூட்டு அடுப்புகூட இல்லியே! கோபுரத்த போட்டோவுல பாத்துக்கலாம் சார். கொழம்ப போட்டோவுல பாத்து இன்னா பண்ணுவ?"

வங்கித் தேர்வில்கூட என்னை இப்படி மடக்கியவர் கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவருடைய மொபெட்டின் பின்சீட்டில் இருந்தேன்.

முதல் அதிர்ச்சி பெரணமல்லூரில். வாசலில் பெரிய கோலம் போட்டிருந்த வீடாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். வாயைத் திறப்பதற்குள், "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். ஜமக்காளம் விரித்தார்கள். தட்டு நிறைய பஜ்ஜி வந்தது. விருந்தோம்பல் என்றால் இதுவல்லவா என்று உருகிப்போய் இரண்டாவது பஜ்ஜியைக் கடித்தபோது, எதிரில் இருந்த பெரியவர் கனிவாகக் கேட்டார்:

"மாப்ளைக்குப் புடிப்பெல்லாம் போவ சம்பளம் எவ்ளோ வருதுங்க?"

பஜ்ஜி பாதியில் நின்றது. எனக்கு வீட்டில் ஒரு மனைவியும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் இருக்கிறார்கள். பதறி எழுந்தேன். இன்னா கொழம்பு என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கேசரி வந்துகினு இருக்குது சார். பேஜார் பண்ணாத."

கேசரியை முடித்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். அதற்குள் அசல் மாப்பிள்ளை வேனில் வந்து இறங்கிவிட்டார். அடி விழுந்தால் அதுவாவது உடையாமல் இருக்கட்டும் என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அவரோ, "சட்னிக்கு மிக்ஸி ஓடலன்னு உள்ள பேசிக்கினாங்களே, கொண்டாங்க பாப்போம்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். மிக்ஸி ஓடியது. நாங்கள் ஓடவில்லை, வெற்றிலை பாக்கோடு வழியனுப்பப்பட்டோம்.

இரண்டாவது அதிர்ச்சி திருமலையில். திருப்பதி அல்ல, ஆரணிப் பக்கத்துத் திருமலை. மலையில் இருக்கும் சமணக் கோயிலைப் பற்றி நான் செல்போனைப் பார்த்து அரைமணி நேரம் விரிவுரை ஆற்றினேன். அவர் இறங்கி வந்து, கீழே ஒரு சமணர் வீட்டில் தன் கேள்வியைக் கேட்டார்.

"பொழுது சாஞ்சிட்டா சாப்பிட மாட்டோங்க" என்றார் வீட்டுக்காரர்.

மறு வாரம் நாலு மணிக்கே ஆஜரானோம். ராத்திரி விளக்கில் வந்து விழும் பூச்சிக்குக்கூடத் தீங்கு வரக்கூடாது என்றுதான் வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிடுகிறோம் என்று அந்த வீட்டம்மா பரிமாறிக்கொண்டே சொன்னார்கள். என் அரைமணி நேர விரிவுரையில் அது இல்லை. "பாத்தியா சார், மலை மேல ஏறனது நீ, சாமியப் பாத்தது நானு" என்றார் இன்னா கொழம்பு.

இப்படி நாலைந்து ஊர் சுற்றியதில் எனக்கும் துணிச்சல் வந்துவிட்டது. அதுதான் விபரீதம்.

ஆடி மாதம். தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் காலம். காலை ஏழு மணிக்குச் சேவூரில் இறங்கினோம். அவர் பிறந்து வளர்ந்த ஊர். ஒரு வீட்டு கிரைண்டரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். நான் தெருவில் தனியாக நின்றேன். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் கடைசியில் ஒரு குண்டான் நிறைய கஞ்சி, பக்கத்தில் சொம்பு. ஆள் யாரும் இல்லை.

அம்மன் பிரசாதம்! அலங்காரத்துக்குப் பட்டு நூல்கூடக் கட்டியிருக்கிறார்களே!

ஒரு சொம்பு மொண்டு குடித்தேன். சப்பென்று இருந்தது. பாவம், பின்னால் வரும் பக்தர்களும் இதைத்தானே குடிக்க வேண்டும்? பையில் இருந்த மசாலா மோர் பாக்கெட் இரண்டையும் பிரித்துக் குண்டானில் ஊற்றி, சொம்பால் நன்றாகக் கலக்கினேன். கறிவேப்பிலை மிதந்தது. மனம் நிறைந்தது.

"அய்யய்யோ! பாவு கஞ்சில எவன்யா மோர ஊத்தனது?"

தறிக்காரர் தேவகி அக்கா வாசலில் நின்றார். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூல் விறைப்பாக நிற்க அதற்குப் போடுகிற கஞ்சி அது என்று எனக்குப் புரிந்தபோது, அது பாதி செரித்திருந்தது.

"வானத்தப் பாரு, கருத்துக்கினு வருது! மழைக்கு முன்ன கஞ்சி போட்டுக் காயலன்னா மொத்தப் பாவும் போச்சு. இன்னிக்குத் தறியில ஏத்தலன்னா முகூர்த்தப் பொடவ ஆர்டரே கைய வுட்டுப் போயிடும்யா!" அக்காவின் குரல் கோபத்தில் தொடங்கி அழுகையில் முடிந்தது.

சத்தம் கேட்டு வந்த இன்னா கொழம்பு குண்டானைப் பார்த்தார். என் மீசையில் இருந்த கஞ்சியைப் பார்த்தார். என் கையிலிருந்த காலி பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான்தான்மா ஊத்தனேன். கூழுன்னு நெனச்சிக்கினேன்."

தெருவே திரண்டு வந்து அவரைப் பார்த்தது. மோர் ஊற்றியபோது இல்லாத அதிர்ச்சி அது.

"நீயா? சேவூர்ல பொறந்துகினு, பாவு கஞ்சி தெரியல உனக்கு? ஊரு வூடெல்லாம் ருசி சொல்ற நாக்குய்யா அது!"

"நாக்குக்கு வயசாயிடுச்சிம்மா. ஜல்தியா வேற குண்டான் குடு."

மொபெட்டில் வீடு வீடாக ஓடினோம். உலை கொதிக்கும் நேரம். ஒவ்வொரு வாசலிலும் அவர், "கொழம்பு வேணாம் தாயி, வடிச்ச கஞ்சி மட்டும் ஊத்து" என்றார். ஒவ்வொரு வாசலிலும் சிரித்தார்கள். "உப்பு பாத்துத் தரட்டா, இல்ல மோரு ஊத்தித் தரட்டா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவரும் சேர்ந்து சிரித்தார். குண்டானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் பின்சீட்டில் வெந்துகொண்டிருந்தேன், பல வகையிலும்.

வேட்டியில் வடிகட்டி, நான் விசிறி ஆறவைத்து, தெருவே கூடிக் கஞ்சி போட்டது. பாவு காய்ந்து, சுருட்டி உள்ளே எடுத்துப்போன பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. தேவகி அக்கா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எங்களை ஒருமுறை முறைத்துவிட்டு, ஆளுக்கு நாலு இட்லி வைத்தார்.

திரும்பும்போது கேட்டேன். "ஏண்ணே பழிய ஏத்துக்கிட்டீங்க? ஊரே சிரிக்குதே."

"சிரிக்கட்டும் சார். என்னத் திட்டிட்டு, மறுபடி அவங்களே சோறு போடுவாங்க. உன்னத் திட்டியிருந்தா, இனிமே நீ எந்த வூட்டு வாசலாண்டயும் போய் நிக்க மாட்ட."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டை விறைத்துக்கொண்டு சொல் வரவில்லை. குடித்த கஞ்சி வேலை செய்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் தோளைக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்துக்கொண்டேன்.