வெட்டுக்கிளிச் சிட்டுகளை யாரும் கொல்லவில்லை

நமது வாரப் பத்திரிகையின் ஆசிரியர் திருமதி கேரல் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஆர்விட் டோலெஃப்சன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவி மார்லிஸும் சுகம். குட்டைகள் நிரம்பி, வாத்துகள் குஞ்சும் பொரித்துவிட்டன. தங்கள் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற இதழில் வெளியான என் கடிதத்தைத் தயவுசெய்து வாபஸ் வாங்கிக்கொள்ள அனுமதியுங்கள். ஜூன் மாதம் புல்வெளிச் சாலையில் ஐம்பது இடங்களில் வண்டியை நிறுத்தி, இடத்துக்கு மூன்று நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு பறவை எண்ணுவது இருபத்திரண்டு வருடமாக என் வேலை. வெட்டுக்கிளி மாதிரியே மெல்லிய கீச்சுக் குரலில் பாடும் வெட்டுக்கிளிச் சிட்டு போன வருடம் முப்பத்தொன்று, இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. உடனே, கூடுகட்டும் காலத்திலேயே பக்கத்து வயல் டுவேன் புல்லை அறுத்து முட்டைகளை நசுக்கிவிட்டான் என்று எழுதித் தள்ளிவிட்டேன். அவன் அறுவடை இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டதைத்தான் பார்த்தேன், வயலை எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எதிரே வண்டியில் வந்தால் டுவேன் ஸ்டீயரிங்கிலிருந்து விரலைத் தூக்குவதில்லை. நம் ஊரில் வணக்கமே அந்த ஒற்றை விரல்தான், அதையும் நிறுத்திவிட்டான் என்றால் எவ்வளவு கோபம் பாருங்கள்.

ஞாயிறன்று மார்லிஸ் என்னைக் குட்டையோரம் கூட்டிப்போனாள். டுவேனின் புல் இடுப்புயரம் நின்றது. "அதோ, வேலிக் கம்பி மேல கத்துதே, உன் சிட்டு" என்றாள். "எங்க கத்துது?" என்றேன். "ஆர்விட், நெசமாவே உனக்குக் கேக்கலையா?" தொலைநோக்கியை வைத்துப் பார்த்தேன். குருவி தலையைத் தூக்கி, வாயைப் பிளந்து, தொண்டை நடுங்கப் பாடியது. ஒரு சத்தமும் இல்லை. அடுத்த கம்பியில் இன்னொன்று, அதுவும் அப்படியே. போனது குருவி இல்லை, என் காது! வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

அப்படியே டுவேன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஜூலை பாதி தாண்டாம என்னைக்குடா அறுத்திருக்கேன்? முப்பது வருஷம் பிள்ளைங்க கூச்சல்ல பஸ் ஓட்டினவன் காதை நம்பி என் பேரைப் பேப்பர்ல போட்டியே!" என்றான். திட்டி முடித்து, ருபார்ப் தண்டு போட்ட கேக்கும் காப்பியும் கொடுத்தான்.

திங்களன்று காதுக்கருவி வாங்கினேன். புதனன்று பலத்த காற்று. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். ஐம்பது இடத்திலும் சிட்டு! இந்த மாவட்டத்தில் இதுவரை இல்லாத எண்ணிக்கை. தயவுசெய்து முதல் பக்கத்தில் போடுங்கள்.

தங்களுக்கும் அச்சகத்தாருக்கும் நல்ல மழையும், ஆலங்கட்டி விழாத கோடையும் அமைய வேண்டும்.

அன்புடன்,
ஆர்விட் டோலெஃப்சன்

பி.கு.: வெளியே கிளம்பலாம் என்று தொப்பியை மாட்டி, இந்த உறையை ஒட்டப்போனேன். எங்கள் சமையலறையிலும் ஒரு சிட்டு பாடியது. மார்லிஸ் தொப்பியைத் தூக்கிக் கருவியைக் கழற்றி, உள்ளங்கைக்குள் மூடினாள். எனக்குப் பாட்டு நின்றுவிட்டது. அவள் கைக்குள் இன்னும் பாடுகிறதாம்; எதையாவது வைத்து மூடினால் கருவியே கீச்சிடுமாம். அந்த ஐம்பதையும் நீக்கிவிடுங்கள். கம்பி மேல் உட்கார்ந்திருந்த இரண்டை மட்டும் முதல் பக்கத்தில் போடுங்கள்.