யார் முதலில் குனிவது?

ஒரு நகரத்தில் கராத்தே சங்கம் இருப்பதில் தவறொன்றும் இல்லை. வட ஜப்பானின் கடலோர நகரமான இசவாவிலும் ஒன்று இருந்தது. சண்டை தெரிந்தவர்கள் சங்கம் வைத்தால் சண்டை வராது என்று ஊரார் நம்பினார்கள். பாவம், நல்ல ஜனங்கள்.

தோகாஷி மினேயோ, டோஃபு என்னும் சோயாக் கட்டி விற்கும் கடைக்காரர். மாலையானால் நகரசபையின் பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுப்பார். விடிந்தது முதல் டோஃபு வெட்டிக்கொண்டிருக்கும் மனிதருக்கு வாழ்க்கையில் வேறு சந்தோஷம் கிடையாது. அதற்குத்தான் ஆபத்து வந்தது. கறுப்பு பெல்ட் கட்டிய பிறகு ஏறவேண்டிய படிகளுக்கு டான் என்று பெயர். தோகாஷி நான்காம் டான். ‘கூடத்தைப் பயன்படுத்தும் குழுவின் பொறுப்பாளர் ஐந்தாம் டானுக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும்’ என்று நகரசபை திடீரென்று ஓர் உத்தரவு போட்டது. திங்கட்கிழமைக்குள் ஐந்தைக் காட்டாவிட்டால் கூடம் ஹவாய் நடனக் குழுவுக்குப் போய்விடும். அந்த வருஷம் ஊர்ப் பெண்களெல்லாம் காகிதப் பூமாலை போட்டுக்கொண்டு இடுப்பை அசைத்துக்கொண்டிருந்தார்கள். தோகாஷியின் மனைவி கினுயோவும் அதில் சேர்த்தி.

“எப்படியாவது அந்த அஞ்சை வாங்கிட்டு வந்துடுங்க,” என்று அவள் வழியனுப்பினாள். “கிடைக்கலைன்னா எங்க குழுவுக்கு நல்லதுதான். ஆனா நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்தா யாரு பாக்கிறது?”

ஞாயிறு காலை தேர்வு. நடுவர்கள் இருவர்: ஓய்வுபெற்ற தபால் அதிகாரி குரோசாகா, பல் டாக்டர் மினோவா. இருவருமே எட்டாம் டான். அவர்களுடைய குரு இருவருக்கும் ஒரே நாளில் எட்டைக் கொடுத்துவிட்டு, பின்விளைவைப் பார்க்க இருக்காமல் கண்ணை மூடிவிட்டார். வணங்கிவிட்டுத்தான் தேர்வைத் தொடங்கவேண்டும், கீழ்ப்படியில் இருப்பவர்தான் முதலில் குனியவேண்டும் என்பது சங்கத்தின் மரபு.

எல்லாரும் முழங்காலை மடித்துக் குதிகால்மேல் உட்கார்ந்தார்கள். யாரும் குனியவில்லை.

“மினோவா மாஸ்டர், ஆரம்பிக்கலாமே,” என்றார் குரோசாகா, கழுத்தை நிமிர்த்தி.

“தாராளமா. உங்களுக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கேன்.”

“வயசில நான் மூத்தவன்.”

“வயசெல்லாம் தபால் ஆபீஸ்ல செல்லும். சங்கத்தில முன்னாடி சேர்ந்தவன் நான்.”

“முன்னாடி சேர்ந்தும், பின்னாடி வந்த என்கூடத்தானே எட்டுக்கு வந்தீங்க?”

செயலாளர் உபுகாதா குறுக்கே புகுந்தார். “நான் மூணு வரைக்கும் எண்றேன். ரெண்டு பேரும் ஒண்ணாக் குனிஞ்சிடுங்க.”

எண்ணினார். இருவரும் ஓரக்கண்ணால் அடுத்தவர் தலையைப் பார்த்தார்கள். இரண்டு தலைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. மாஸ்டர்களின் அசாத்தியமான சுயகட்டுப்பாடு கூட்டக் குறிப்பில் பாராட்டப்பட்டது.

யாராவது ஒருவரை ஒன்பதாக்கிவிட்டால் என்ன என்றார் ஒருவர். ஒன்பதை ஒன்பதாம் டான்தான் கொடுக்கமுடியும். அப்படி ஒருவர் சங்கத்தில் இல்லை.

“அப்போ மொத மொதல்ல ஒன்பதை யாரு குடுத்திருப்பாங்க?” என்று தோகாஷி கேட்டுவிட்டார்.

“தோகாஷி,” என்றார் உபுகாதா தாழ்ந்த குரலில், “இதெல்லாம் ஆறாம் டானுக்கு மேல இருக்கறவங்க கேக்கற கேள்வி.”

மதியம் விலாங்கு மீன் சாப்பாடு வந்தது. யார் முதலில் பெட்டியைத் திறப்பது என்று தெரியாததால் அது ஆறிப்போயிற்று. நடுவர்கள் எழாமல் மற்றவர்கள் எழக்கூடாது. தோகாஷிக்குக் கால் இருக்கும் இடமே தெரியவில்லை.

சாயங்காலம் கூடத்தைப் பெருக்கும் அம்மாள் வந்து சாவிக்கொத்தை ஆட்டினாள். “நேரமாச்சு, பூட்டணும். எல்லாரும் எந்திரிங்க.”

நகரசபை உத்தரவல்லவா, எழுந்தார்கள். மரத்துப்போன கால்கள் எழவில்லை. எட்டாம் டான்கள் இருவரும் முன்னால் சரிந்து, நெற்றி தரையில் மோதக் கிடந்தார்கள்.

“வணக்கம் நிறைவேறியது! தேர்வு ஆரம்பம்!” என்று கூவினார் உபுகாதா. தோகாஷிக்கு உயிர் வந்தது.

“அவர்தான் முதல்ல விழுந்தார்,” என்றது தரையிலிருந்து ஒரு குரல்.

“பொய்! என் தலை போனப்போ உங்க தலை அங்கே ஏற்கெனவே இருந்துச்சு!”

அம்மாள் விளக்கை அணைத்தாள்.

திங்கட்கிழமை நகரசபை குமாஸ்தா மிகுந்த மரியாதையோடு கையை விரித்தார். “கூடம் நடனக் குழுவுக்குப் போயிடுச்சு, மாஸ்டர். அவங்க தலைவி ஏழாம் டான்.”

“ஆட்டத்துக்கு ஏதுய்யா டான்?”

“போன வாரம்தான் ஆரம்பிச்சாங்க. உத்தரவில அஞ்சாம் டான்னு இருக்கு. எதிலன்னு இல்லையே?”

“அவங்களுக்கு யாரு குடுத்தா?”

“அவங்களே ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிட்டாங்க. ஒரு சண்டை இல்ல, சச்சரவு இல்ல!”

அன்று மாலை தோகாஷி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனார். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, இந்தக் கேலிக்கூத்தை நாலு பேர் முன்னால் கிழித்துவிடுவது என்று உள்ளே நுழைந்தார். பூமாலையோடு கினுயோ எதிரே வந்தாள்.

“என்னங்க, நல்ல வேளை வந்தீங்க. ஆம்பளைங்களும் சேரலாமாம். கராத்தேயில வாங்கின டானை அப்படியே இங்கேயும் ஏத்துக்கறதா நேத்து தீர்மானம் போட்டிருக்கோம்.”

“அப்படியேவா?” தோகாஷியின் குரல் இறங்கியது. “நீ எத்தனை?”

“மூணு.”

வாசலில் பிள்ளைகள், “மாஸ்டர், உள்ளே வரலாமா?” என்று கூப்பிட்டார்கள். தோகாஷி திரும்பவில்லை. சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு முதுகை நிமிர்த்தினார்.

“அப்போ நீதான் முதல்ல குனியணும்,” என்றார்.