கடல் டெய்லர் கவிழ்த்த பாக்கெட்

பிள்ளைகளே, ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிறது. கடல் மட்டும் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. அவர்தான் நம் கடல் டெய்லர். ஜாக்கெட் தைக்கிற கடைக்குள் கட்டில் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத்தண்ணீர் நிரப்பி, பவளமும் இரண்டு கோமாளி மீன்களும் வளர்க்கிறவர் வேறு யார்? ஜாக்கெட் சொன்ன தேதிக்கு வராது. மீனுக்குச் சாப்பாடு ஒரு நிமிஷம் தப்பாது.

அந்தத் தொட்டிக்குக் குழாய் மாட்டியவன் நான். டெய்லர் வாரம் ஒருமுறை குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து விடுவார். நைட்ரேட் என்கிற கழிவு கூடினால் சிவக்கும். கூட வந்த வண்ண அட்டையைத் தொட மாட்டார். நூல்கண்டுகளோடு வைத்துத்தான் பார்ப்பார்.

“வெளிர் ரோஸ்னா நிம்மதி தம்பி. இன்னைக்குப் பாருங்க, அரக்கு!”

காரணம் பொரி. கோயில் குளத்து மீனுக்குப் போட்டது போக மிச்சத்தை, ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் இந்தத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். நீங்கள் இருவரும் போட்டதும் எனக்குத் தெரியும்.

“புண்ணியம்னு போடுறாங்க, எப்படி வேணாம்ங்கிறது?” என்பார். பொரி அழுகி நைட்ரேட்டாகி, பவளங்கள் பழுப்பேறிச் சுருங்கின.

கடைசியில் ஜவ்வரிசி போன்ற வெள்ளை மணிகள் ஒரு பாக்கெட் வரவழைத்தார். தண்ணீரில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்கு நைட்ரேட் குழம்பு என்றால், இந்த மணி சோறு. சோறு இருந்தால்தானே குழம்பு தீரும்? மணிகளை ஒரு குழாயில் போட்டுத் தண்ணீரைச் சுழலவிட வேண்டும். முதலில் கால் பங்குதான் என்று பாக்கெட்டிலேயே எழுதியிருந்தது.

“டெய்லர் குறைச்சு வெட்டுவானா தம்பி? கூடிப்போனா உள்ள மடிச்சுத் தைச்சுக்கலாம்” என்று பாக்கெட்டையே கவிழ்த்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை போன். “தம்பி, கடல் பாலாயிடுச்சு! ஓடி வாங்க!”

பாக்டீரியா அளவில்லாமல் பெருகி, தண்ணீரில் இருந்த ஆக்சிஜனையும் இழுத்துவிட்டது. பத்து வருஷம் வளர்த்த மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. டெய்லர் கத்தரிக்கோலும் கையுமாகத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மணிக்குழாயை அடைத்தேன். காற்றடிக்கும் மோட்டார் வாங்கி வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை?

அந்த நேரம் பார்த்து, ஜாக்கெட்டுக்காக நான்காம் தடவை சண்டை போட வந்தார் சாந்தி அக்கா.

“தண்ணிக்குள்ள காத்து போகணும், அவ்வளவுதானே? தள்ளுங்க!”

இரண்டு சொம்புகளை எடுத்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு, காப்பி ஆற்றுவது போல உயரத் தூக்கி ஆற்றி, நுரையோடு திரும்ப ஊற்றினார்.

“அக்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றார் டெய்லர்.

“நாளைக்கழிச்சு தங்கச்சி கல்யாணம். மீன் போச்சுன்னா நீங்க ஊசியைத் தொடுவீங்களா? பேசாம ஆத்துங்க!”

அவர்கள் இருவரும் ஆற்ற, நான் மோட்டாரோடு திரும்பினேன். மீன்கள் கீழே இறங்கச் சாயங்காலமாகிவிட்டது. “நாளைக்கு ஜாக்கெட் கண்டிப்பா ரெடிக்கா” என்றார் டெய்லர்.

“கை வீங்கிப் போச்சுங்க. மொதல்ல அளவை மாத்தி எடுங்க!”

அப்புறம் கால் பங்கில் தொடங்கி, மாதக்கணக்கில் பொறுத்து, குப்பி வெளிர் ரோஸுக்கு வந்தது. நான் சொல்ல வந்தது அந்தச் சாயங்காலத்தைப் பற்றி. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத டெய்லரைப் பிடித்துத் தள்ளாத குறையாகச் சாப்பிட அனுப்பினேன். அக்காவும் போய்விட்டார். கடையில் நான் மட்டும். பெரிய மீன் கண்ணாடி ஓரம் வந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பக்கத்தில் குனிந்து, “சாப்பிடத்தான் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு” என்று சொன்னேன்.