மாமரமா, வௌவாலா?

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே எனக்குப் பல வருஷம் கழிந்துவிட்டது. வெட்கம் மட்டும் காரணமில்லை. சாமி பேரைச் சொல்லி நான் பொய் சொன்ன கதை இது. காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவன் நான். அப்படிப்பட்டவன் ஏகாம்பரநாதரையே பொய்ச் சாட்சிக்கு இழுத்தேன் என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? (என் சம்சாரம், "ஊர்ல தெரியாதவங்க யாரு கீறாங்க, எழுதுய்யா" என்கிறாள்.) சரி, எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்தில் நானும் நைனாவும் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பட்டு நெய்துகொண்டிருந்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும், பள்ளிக்கூடம் எனக்கும் கும்பிடு போட்டாயிற்று. என் தங்கை கனகா மட்டும் பட்டணத்தில் எம்.ஏ. மனோதத்துவம் படித்தாள். அது பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு என்பது நைனாவின் முடிவு. யாராவது கேட்டால் "தமிழ் படிக்குது" என்று சொல்லிவிடுவார். கனகாவிடம் கண்டிப்பாகச் சொல்லியும் விட்டார்: இந்த வருஷம் அவள் எழுதுகிற ஆய்வேட்டை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

அந்த ஆய்வுக்காகத்தான் ஒரு நாள் அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே மை கொட்டி இரண்டாக மடித்த மாதிரி படங்கள். சீமையிலிருந்து வந்தவையாம். அவள் படிக்கிற இடத்தில் இருப்பதே அந்த ஒரு செட்தானாம். ஒரே படத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் என்ன தெரிகிறது என்று தெருவில் உள்ள நெசவாளர்களைத் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். மூன்றாம் நாள் அவளுடைய பேராசிரியை அம்மாளே நேரில் வந்து பார்ப்பார்.

முதல் ஆள் நான். அவள் எடுத்து நீட்டிய பட அட்டையைப் பார்த்தேன். வௌவால். அதுவும் நசுங்கிய வௌவால். இதைப் போய்ப் படித்தவர்களிடம் சொன்னால் தங்கச்சி மானம் என்ன ஆகும்?

"உனக்கு இன்னா தெரியுதோ அத்த சொல்லுண்ணா. இதுல தப்பு ரைட்டுன்னு ஒண்ணும் கெடையாது" என்றாள் கனகா.

தப்பே இல்லாத பரீட்சை உலகத்தில் உண்டா? அப்படி ஒன்று இருந்திருந்தால் நான் ஏன் அஞ்சாவதோடு நின்றேன்? கண்ணை மூடி ஏகாம்பரநாதரை வேண்டிக்கொண்டேன். அவர் கோயில் தலமரம் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. "மாமரம்மா. அடியில சாமியும் அம்பாளும்" என்றேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டதால் சரியான விடைதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. (என் அறிவு அவ்வளவுதான்.)

மறுநாள் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பிரித்துவிடுகிற வேலை. தெருவே ஒரே இடத்தில் நிற்கும். நான் பாவின் ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனைவரை நடந்து, ஒவ்வொரு காதிலும் விடையைப் போட்டேன். "நம்ம வூட்டுப் பொண்ணு பாஸாவணும்பா. மாமரம், அடியில சாமி. மறந்துடாதீங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். எதிர்வீட்டு ராமய்யா மட்டும் ஆட்டவில்லை. தெலுங்குக்காரர், பரம பெருமாள் பக்தர். "உங்க சாமிய நான் எதுக்கு பாக்கணும்? எனக்கு கருட சேவைதான்யா தெரியும்" என்று முறைத்தார்.

அன்று முழுக்கக் கனகா கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரு முழுக்க மாமரம் மாமரம் என்றது. சாயங்காலம் அவள் முகம் வாடியிருந்தது. அலைச்சல் என்று நினைத்து நான்தான் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அந்த அட்டையில் மாமரம் தெரிய ஆரம்பித்துவிட்டது. கிளை தெரிந்தது, அம்பாள் புடவையின் கரைகூடத் தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் கனகா பேராசிரியையை அழைத்துவர பஸ் நிலையம் போயிருந்தாள். நான் அட்டையைத் தறிக்கம்பத்தில் சாய்த்து, விபூதி பூசிப் பூ வைத்தேன், நட்ட நடுவில் குங்குமம் வைத்தேன், கற்பூரம் ஏற்றினேன். தெருவே கைகூப்பி நின்றது. "கருடனுக்கு எதுக்குய்யா விபூதி?" என்று ராமய்யா ஒரு பக்கம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பேராசிரியை நின்றார். பின்னால் கனகா.

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. அட்டையைப் பார்த்தார், விடைகளை வாங்கிப் புரட்டினார். "ஒருத்தரைத் தவிர எல்லாருக்கும் ஒரே பதில். இது ஆய்வே இல்லை கனகா. இந்த வருஷம் முடியாது" என்றார். நைனா தறியை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். என் கையிலிருந்த தீபாராதனைத் தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கனகா அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "அண்ணா, சாமி மேல ஆணையா சொல்லு. மொத மொத உனக்கு இன்னா தெரிஞ்சிச்சு?" என்று கேட்டாள்.

எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் எப்படிப் பொய் சொல்வது? "வௌவால்" என்றேன்.

தெரு சிரித்தது. ஒருவர் தனக்குத் தவளை தெரிந்தது என்றார். இன்னொருவர் மாமியார் கொண்டை என்றார். (மாமியார் அங்கேயேதான் நின்றார்.)

கனகா பேராசிரியையிடம் போனாள். "மேடம், நான் பாஸாகணும்னு ஒரு தெருவே தன் கண்ணை மறைச்சிருக்குது. எனக்காக சொன்னது ஒண்ணு, நெஜமா பாத்தது ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதறேன். அது மனோதத்துவம் இல்லன்னா வேற எது?"

அந்த அம்மாள் தறிக்குழி ஓரமாக உட்கார்ந்து, குடிக்கக் காபி கேட்டார். எங்களுக்கு உயிர் வந்தது.

கனகா திரும்பவும் முதலிலிருந்து கேட்டாள். அவள் முடிக்கிற வரைக்கும் நான் தெருவில் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. கோயில் குளக்கரையில் உட்கார்ந்து சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தரமும் ஒரே பதில் சொன்னவர் ராமய்யா ஒருவர்தான். தெருவிலேயே உண்மை பேசியவன் தான்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டது மட்டுமில்லை, பல்கலைக்கழக நூலகத்திலும் சேர்த்துவிட்டார்கள். நைனா நம்பவில்லை. மூவரும் பஸ் ஏறிப் போனோம். அங்கிருந்த நூலகர் கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நைனா அதைப் புடவை மடிப்பைத் தடவுகிற மாதிரி ஓரம் ஓரமாகத் தடவினார். "இதுல இவன் எங்க?" என்றார். கனகா ஒரு பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். பட்டு நெசவாளர், பக்திமான். முதல் பதில் மாமரம், இரண்டாம் பதில் வௌவால்.

பேசக் கூடாத அந்த இடத்தில் நைனா வாய்விட்டுச் சிரித்தார். நூலகர் நிமிர்ந்து முறைத்ததும், அவரிடமே போய், "எம் பொண்ணு எழுதனது சார். மனோதத்துவம்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அன்றுதான்.

அட்டையில் பட்ட குங்குமக் கறை மட்டும் கடைசிவரை போகவில்லை. பின்னால் அதைப் பார்த்த பட்டணத்து ஆட்களெல்லாம் பொட்டு வைத்த வௌவால் என்று சொன்னார்களாம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும், கடைக்குப் போய் வந்த கணக்காகட்டும், பெண் பார்த்துவிட்டு வந்த சேதியாகட்டும், அடுத்த கேள்வி இதுதான்: "மாமரமா, வௌவாலா?" பேரப்பிள்ளைகள் என்னிடமே கேட்கிறார்கள்.

இதைப் படித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். நான் பார்த்தது வௌவால்தான். அதை வௌவாலாகவே சொல்லுங்கள்.